குடை கொடுத்த கம்பெனி

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புச் சுவரில் ஒரு சனிக்கிழமை காலை புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பெரிய படத்தின் இரண்டாம் பாகம், முதல் நாள் உலகமெங்கும் இத்தனை கோடி வசூல், அதற்குக் கீழே ‘ரசிகர்கள் கொண்டாடும் வெற்றிச் சித்திரம்’. கொண்டாடிய ரசிகர்களில் நாலு பேரை எனக்குத் தெரியும். ஒருவன் என் அக்கா மகன். முதல் நாள் படம் பார்த்துவிட்டு நடுராத்திரி திரும்பிவந்து, விடிந்து வெகுநேரம் ஆகியும் எழுந்திரிக்காமல் திண்ணையில் குப்புறக் கிடந்தான். எழுப்பிக் கேட்டேன்.

“படம் எப்பிடிடே?”

“செம மொக்க மாமா. தல வலிக்கி.”

“பெறகு எதுக்குடே போனிய?”

“போவலன்னா, போனவன் பூராம் வந்து கதையச் சொல்லிருவான்லா. மொதப் பாகம் நல்லா இருந்துச்சுல்லா, அதுக்காவத்தான்.”

தலைவலிக்கு மாத்திரை வாங்க என்னிடம்தான் காசு கேட்டான். நாலு பேரும் தூத்துக்குடிக்குப் போய்வந்த செலவு, அட்டையில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாக விற்ற டிக்கெட், இடைவேளையில் தங்கத்தை நிறுப்பதுபோல நிறுத்துக் கொடுத்த பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு எழுநூறு ரூபாய் ஆகியிருக்கிறது. அது 2024. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்திருந்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வருவது அபூர்வம். அவன் அம்மா இரண்டு நாள் கண்மாயில் மண் சுமந்தாலும் இவன் தலைவலிக்குக் கட்டாது.

போகட்டும், இளந்தாரி, பார்த்துவிட்டுப் போகிறான். என் வயிற்றெரிச்சல் அந்தப் போஸ்டரின் கடைசி வரியில் இருக்கிறது. இவன் எப்போது கொண்டாடினான்? ‘மொக்க’ என்று சொன்ன நாலு வாயும் அந்தக் கோடிக்கணக்கில் எந்தப் பக்கத்தில் பதிவாகியிருக்கிறது? வரவில் மட்டும்தான். தியேட்டரின் கணக்குப் புத்தகத்தில், உள்ளே போனவன் எல்லாம் ரசிகன். வெளியே வந்தவனுக்குப் பக்கமே கிடையாது.

அவன் சொன்னதில் ‘மொதப் பாகம் நல்லா இருந்துச்சு’ என்பது முக்கியமான வாக்குமூலம். இரண்டாம் பாகத்தின் முதல் மூன்று நாள் வசூல் முதல் பாகத்துக்கு வந்த மொய். அன்றைக்கு நீ போட்ட விருந்து ருசியாக இருந்தது, இன்றைக்கு அடுத்த விசேஷம் என்று பத்திரிகை நீட்டுகிறாய், செய்யாமல் இருக்க முடியுமா? மொய் நோட்டைப் பார்த்து இன்றைய சாம்பாரின் ருசியைச் சொல்ல எந்தக் கல்யாண வீட்டிலும் ஆள் கிடையாது. கோடம்பாக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். ஊசிப்போன சாம்பார் என்று பந்தியிலிருந்து எழுந்து போகிறவனின் முதுகுக்குப் பின்னால் மைக்கைப் பிடித்து, ‘மொய் எழுதிவிட்டார், ஆகவே ருசித்துவிட்டார்’ என்று அறிவிக்கிறார்கள்.

கரிசல்காட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு ஒரு தனித் தகுதி உண்டு. எங்கள் மக்காச்சோளத்தில் 2018-இல் படைப்புழு வந்து விழுந்தது. அதன் பிறகு வருடம் தப்பாமல் அடுத்தடுத்த பாகம் வெளியாகிக்கொண்டே இருக்கிறது. திரையிட்ட காடெல்லாம் அரங்கம் நிறைந்த காட்சி, குருத்து வரைக்கும் வசூல். புழுவுக்கு மக்காச்சோளம் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். மக்காச்சோளத்துக்குப் புழுவைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊர்க் கிறுக்கனுக்குக்கூட வாய் வராது. சினிமாக்காரர்களுக்கு வருகிறது.

கோடிக் கணக்கு எப்படி உருண்டு திரள்கிறது என்று பாருங்கள். நூறு ரூபாய்க்கு மேல் போன டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கு மேல் உள்ளாட்சிக்குப் போகிற கேளிக்கை வரி. போஸ்டரில் போடும் மொத்த வசூலில் இதெல்லாம் அடக்கம். அதாவது, என் மருமகன் அரசாங்கத்துக்குக் கட்டிய வரியும் அவன் அந்த நடிகர்மேல் வைத்த அன்பாக எண்ணப்படுகிறது. வருமான வரிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் இந்த அன்பு சட்டென்று வற்றிப்போய், ‘அதெல்லாம் சும்மா விளம்பரத்துக்குப் போட்டது சார்’ என்றாகிவிடும். பிரான்ஸ் தேசத்தில் ஒரு படம் ஓடியதா என்பதைத் தலையை எண்ணிச் சொல்கிறார்கள்: இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், அவ்வளவுதான். இங்கே தலையை எண்ண வேண்டுமானால் டிக்கெட்டை உண்மையாகக் கிழிக்க வேண்டும். உள்ள விலைக்கு விற்க வேண்டும். அந்த வம்பு யாருக்கு வேண்டும்? ஒரே ஆளிடம் மூன்று மடங்கு வாங்கிவிட்டு மூன்று பேர் வந்ததுபோலப் பேசுவது எவ்வளவு சுகம்.

அடுத்தது, திரை. எங்கள் ஊர் விநியோகஸ்தர் பாஷையில் ‘டி.கே. ஏரியா’. திருநெல்வேலி கன்னியாகுமரி என்ற பழைய கணக்கு, தூத்துக்குடி தனி மாவட்டமாகி எத்தனையோ வருடம் ஆகியும் சினிமா வரைபடத்தில் நாங்கள் இன்னும் டி.கே.தான். பெரிய படம் வருகிறது என்றால் இந்த ஏரியாவில் எம்.ஜி. கட்டி எடுப்பார்கள். மினிமம் கேரண்டி. படம் எப்படி இருந்தாலும் இவ்வளவு ரூபாய் தயாரிப்பாளருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கட்டியவன் போட்டதை எடுக்க என்ன செய்வான்? தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் கிடைக்கிற திரையை எல்லாம் அதே படத்தால் அடைப்பான். பஸ் ஏறி வந்த ஓட்டப்பிடாரத்தானுக்கும் பசுவந்தனையானுக்கும் அன்றைக்கு இருக்கிற தேர்வு, அதைப் பார்ப்பதா அல்லது அதையே பக்கத்துத் தியேட்டரில் பார்ப்பதா என்பது மட்டும்தான். ஒரே வேட்பாளர் நிற்கிற தேர்தலில் நூற்றுக்கு நூறு வாங்கியதை மாபெரும் மக்கள் தீர்ப்பு என்று சொல்கிறவர்களை அரசியலில் சர்வாதிகாரி என்போம். சினிமாவில் அவருக்குக் கட்டவுட் வைத்துப் பால் ஊற்றுகிறோம்.

எம்.ஜி. கட்டியவன் சில நேரம் எழுந்து நின்று அழுதும் இருக்கிறான். 2014 டிசம்பரில் வந்த ‘லிங்கா’வுக்குப் பிறகு விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதமே இருந்தார்கள். அந்தப் படத்துக்கும் முதல் நாள் கூட்டம் அலைமோதத்தான் செய்தது. கூட்டம்தான் பிரியம் என்றால், பட்டினி கிடந்தவர்கள் யார் பிரியத்தைத் தின்று செரிக்காமல் கிடந்தார்கள்?

இப்போது ஒரு மூன்று நாள் விவகாரத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் ரத்தம் கொதித்தது அப்போதுதான்.

2024 ஜூலை 12 அன்று ‘இந்தியன் 2’ வந்தது. 1996-இல் வந்த ‘இந்தியன்’ பார்த்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு போனார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் படத்தின் நீளத்தைக் கத்தரித்தார்கள். முழு நீளத்தையும் முழு விலைக்குப் பார்த்தவனுக்கு வெட்டிய நிமிடங்களுக்கு உண்டான காசு திரும்பியதாகச் செய்தி இல்லை. இதில் விசேஷம், படம் முடிந்த கையோடு மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தையும் போட்டுக் காட்டியிருந்தார்கள். இரண்டாவது பந்தியில் கல்லைக் கடித்தவனிடம் மூன்றாவது பந்திக்கு இலை போட்டாயிற்று என்று சொல்வது போல. அந்த வருடம் நவம்பரில் ‘கங்குவா’ வந்த சூட்டோடு தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ என்று பெயர் சொல்லியே, இவற்றை எல்லாம் பாதித்தது யூடியூப் விமர்சனங்கள்தான், தியேட்டர் வளாகத்துக்குள் மைக்கோடு யாரையும் விடாதீர்கள் என்றது. அதோடு நிற்கவில்லை. இன்னொரு தயாரிப்பாளர் சங்கம், படம் வெளியாகி மூன்று நாளைக்கு யாரும் இணையத்தில் விமர்சனம் போடக் கூடாது என்று தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றப் படியேறியது. நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்துவிட்டது.

மூன்று நாள் என்பதைக் கவனியுங்கள். ஏன் மூன்று நாள்? வெள்ளி, சனி, ஞாயிறு. இத்தனை காலம் நான் தொண்டை கிழியக் கத்தியதை அவர்களே முத்திரைத்தாளில் எழுதி வக்கீல் வைத்துத் தாக்கல் செய்துவிட்டார்கள். பார்த்தவன் வாயைத் திறந்தால் வசூல் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அப்படியென்றால் வசூலும் பிரியமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, பங்காளிச் சண்டைக்காரர்களா? மக்களுக்குப் பிடித்ததால்தான் ஓடுகிறது என்கிறவன் மக்கள் பேச்சைக் கேட்டு ஏன் நடுங்குகிறான்? கெட்டுப்போன மீனை விற்கிறவன்கூட, வாங்கினவன் மூன்று நாளைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனதில்லை.

தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டாம் பாகம் என்றாலே எனக்கு ஆகாது என்று இல்லை. 2015-இல் கட்டப்பா ஏன் பாகுபலியை வெட்டினான் என்று தெரியாமல் எங்கள் டீக்கடையில் இரண்டு வருடம் சண்டை நடந்தது. 2017 ஏப்ரலில் விடை வந்தது. போனவர்கள் திரும்பவும் போனார்கள், கிழவிகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அது பிரியம். ‘சிங்கம்’ படத்துத் துரைசிங்கம் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் 2010-இல் ஒரு பாசம் இருந்தது. 2013-இல் தூத்துக்குடியிலேயே கதை நடக்கிறது என்று இன்னொரு தடவை போனோம். 2017-இல் மூன்றாவது வந்தபோது காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான் சொல்வேன். மூன்றையும் போஸ்டரில் பார்த்தால் ஒரே மாதிரி வெற்றிதான்.

பிரியத்தைக் காசால் அளக்கவே முடியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் கோயில் கொடையில் வில்லுப்பாட்டோ கரகாட்டமோ வைத்தால் வாசலில் டிக்கெட் கிடையாது. உட்கார்ந்து கேட்டு, ஓர் இடத்தில் மனசு இளகினால் எவனாவது எழுந்து போய்ப் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ கொடுப்பான். மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பு என்று அறிவிப்பார்கள். பாட்டு சரியில்லையா, ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு ஜனம் வீட்டுக்குப் போய்விடும். அண்ணாவி விடிய விடிய வெறும் வேப்பமரத்துக்குப் பாட வேண்டியதுதான். அங்கே பிடித்த பிறகு காசு. சினிமாவில் காசு வாங்கிய பிறகு பிடித்ததாக அறிவிப்பு.

பிரியத்தில் கொடுத்த காசு எங்கள் ஊர் வரலாற்றிலும் உண்டு. எங்கள் ஓட்டப்பிடாரத்தில்தான் வ.உ.சி. பிறந்தார், 1872 செப்டம்பர் 5. அவர் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16-இல் பதிவானது. (கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட தேதியும் 1799 அக்டோபர் 16. எங்கள் மண்ணுக்கும் அந்தத் தேதிக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது.) மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற ஒரே மனிதர் இரண்டு லட்சம் போட்டார். கப்பல் வருமா வராதா என்று தெரியாமல் 25 ரூபாய் எடுத்துக்கொடுத்தவனின் காசு பிரியத்தின் கணக்கு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

எதிரே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. சுதேசிக் கப்பல் வந்ததும் வெள்ளைக்காரன் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கினான். வ.உ.சி. எட்டணாவுக்கு இறக்கினார். அவன் கட்டணமே வேண்டாம், சும்மா ஏறுங்கள் என்றான். அதோடு ஏறுகிறவருக்கு ஒரு குடையும் இலவசம் என்றான்.

அன்றைக்கு இப்போதுள்ள வசூல் நிபுணர்கள் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ‘பிரிட்டிஷ் கம்பெனிக்கு வரலாறு காணாத வரவேற்பு. முதல் மூன்று நாள் கப்பல் ஹவுஸ்ஃபுல். சுதேசிக் கப்பல் அவுட். வெள்ளையர் ஆட்சியைத் தமிழர்கள் கொண்டாடுகிறார்கள் என்பதற்குக் குடையே சாட்சி.’ கூடவே ஒரு வேண்டுகோளும் போட்டிருப்பார்கள்: வ.உ.சி.யின் தோழர் சுப்பிரமணிய சிவா அவர்கள் மூன்று நாளைக்குக் கடற்கரையில் பேச வேண்டாம்.

பேசினார். இருவரையும் 1908 மார்ச்சில் பிடித்து உள்ளே போட்டார்கள். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. பிற்காலத்தில் நம்ம கோவில்பட்டியில்தான் கொஞ்ச வருடம் வக்கீல் தொழில் பார்த்துக் குடும்பத்தை ஓட்டினார். பாக்ஸ் ஆபீஸ் கணக்கில் படு தோல்வி.

கதை இதோடு முடியவில்லை. பி.ஆர். பந்துலு 1959 மே மாதம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்து வெளியிட்டார். சிவாஜி கணேசன், கலர், ஜி. ராமநாதன் இசை, சக்தி கிருஷ்ணசாமி வசனம். வெள்ளி விழா கண்ட படம். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியப் படவிழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது. அதே பந்துலு, அதே சிவாஜி, அதே ராமநாதன், 1961 தீபாவளிக்குக் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தார்கள், ம.பொ.சி. எழுதிய வரலாற்றை வைத்து. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் வ.உ.சி.யின் ஓட்டப்பிடாரமும் ஒரே தாலுகா, இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம். ஒரே கையால் சமைத்தது. கட்டபொம்மன் கொட்டிக் கொடுத்தான், வ.உ.சி. படத்திலும் கையைக் கடித்தார். பந்துலுவுக்குப் பலத்த நஷ்டம்.

அப்படியானால் தமிழனுக்குக் கட்டபொம்மனைப் பிடிக்கும், வ.உ.சி.யைப் பிடிக்காது என்று எழுதிக்கொள்ளலாமா? 1961-இல் காலியான நாற்காலிகளைக் காட்டி ஒரு நிபுணர் அப்படித்தான் எழுதியிருப்பார். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு அரசு கேளிக்கை வரியை விலக்கியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போய்ப் பார்த்தார்கள், சுதந்திர தினம் என்றால் தொலைக்காட்சியில் இன்றும் அதுதான். வ.உ.சி.யின் மகன் படம் பார்த்துவிட்டு அப்பாவையே பார்த்ததுபோல இருந்தது என்று சொன்னதைத்தான் பெரிய விருதாகச் சிவாஜி சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் என் தாத்தா அந்தப் படத்தின் கடைசிக் காட்சி முடியாமல் சாப்பிட எழுந்திரிக்க மாட்டார். அந்த மனுசனின் கண்ணீர் எந்த ஏரியா வசூலிலும் ஏறவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஓடுகிற அதை இன்னும் ‘ஓடாத படம்’ என்றுதான் சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள்.

கட்டபொம்மன் கதைக்கு வரலாற்றில் ஓர் அசல் இரண்டாம் பாகமும் உண்டு. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியே வந்தார். வெள்ளையன் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் இந்தக் கரிசல் மண்ணைக் குழைத்தே திரும்ப எழுப்பினார்கள். முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகத்தில்தான் வெள்ளையன் அதிகம் திணறினான், மே மாதம் வரைக்கும் கோட்டை தாக்குப்பிடித்தது. தப்பிய ஊமைத்துரைக்கு இடம் கொடுத்தது சிவகங்கை மருது சகோதரர்கள். அந்த மருதிருவர் கதையைக் கண்ணதாசன் ‘சிவகங்கைச் சீமை’ என்று எடுத்துக் கட்டபொம்மன் வந்த அதே 1959 மே மாதம் வெளியிட்டார். கட்டபொம்மன் கூட்டத்தில் அது நசுங்கிப்போனது. வீரம் குறைவு என்பதாலா? அன்றைக்குக் கலரும் சிவாஜியும் அந்தப் பக்கம் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்த ஊர்க்காரனிடம் வந்து கூட்டத்தைக் காட்டி, இதுதான் மக்கள் மனசு என்று சொல்லாதீர்கள். கூட்டம் எந்தக் கப்பலில் ஏறியது, மனசு எந்தக் கப்பலில் இருந்தது என்று நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டவர்கள் நாங்கள்.

முதலாளிமாரே, என் மருமகன் உங்கள் அடுத்த பாகத்துக்கும் வருவான், எனக்குத் தெரியும். முதல் நாளே வருவான், கேட்ட விலையைக் கொடுப்பான், தலைவலியோடு திரும்புவான், சனிக்கிழமை காலை அவன் கொண்டாடியதாக நீங்கள் போஸ்டர் ஒட்டுவீர்கள். தடுக்க என்னால் ஆகாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளைக்காரன் எங்களிடம் பைசா வாங்காமல் ஏற்றிக்கொண்டு போய், கையில் ஒரு குடையும் கொடுத்தான். நீங்கள் எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு முன்னோட்டம்தான் கொடுக்கிறீர்கள். எங்கள் பக்கம் வெயில் ஜாஸ்தி. அடுத்த தடவை டிக்கெட்டோடு ஒரு குடையாவது சேர்த்துக் கொடுங்கள்.